வாசிக்கவென்று டெப் அனுப்பாதீர்கள்

கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் துபாயிலும் இன்னும் தூரத்து நாடுகளிலும் உழைக்கும் எத்தாளை உறவுகளுக்கு,

 

லீவில் வரும்போது நீங்கள் கொண்டுவரும் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று ஊருக்கே தெரியும். பால்மா, சவர்க்காரம், போர்வை, உம்மாவுக்கு ஒரு அபாயா. சில வருடங்களாக இன்னொன்றும் தவறாமல் இருக்கிறது: பிள்ளைக்கு ஒரு டெப். விளையாடட்டும் என்று நீங்கள் அதை வாங்கவில்லை. "புள்ள நாலு புத்தகம் வாசிக்கட்டும்" என்றுதான் வாங்கினீர்கள். வெயிலில் நின்று, ஓவர்டைம் பார்த்து, அறையில் ஆறு பேரோடு முடங்கிப் படுத்து மிச்சம் பிடித்த காசு அது. எதற்காக அந்தக் காசைக் கொடுத்தீர்களோ அது நடக்கவில்லை. உங்கள் மனம் நோகும் என்று வீட்டார் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், எல்லா வீட்டுக்கும் பொருந்தும். தரம் எட்டில் படிக்கிற பிள்ளை இஷாவுக்குப் பிறகு டெப்பில் ஒரு கதையைத் திறக்கிறாள். முதல் பக்கம் முடியுமுன் திரையின் மேல் ஓரத்தில் சின்னதாய் ஒன்று எட்டிப் பார்க்கிறது. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் யாரோ எதையோ போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டு வரலாம் என்று தட்டுகிறாள். அங்கே ஒரு வீடியோ. அது முடிந்த கையோடு அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. இடையில் தம்பி வந்து கேம் விளையாடக் கேட்டு அழுகிறான். உம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுகிறார். டெப் தம்பியின் கைக்குப் போகிறது. கதை முதல் பக்கத்திலேயே நிற்கிறது. அடுத்த நாள் டேட்டா முடிந்துவிட்டது, ரீலோட் போடச் சொல்லி உங்களுக்கு வொயிஸ் மெசேஜ் வருகிறது.

அந்த நேரம் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "டெப் வாங்கித் தந்தும் ஏன் புள்ள வாசிக்கிதில்ல?" என்று உம்மாவை ஏசுகிறீர்கள். தனியாக நின்று வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிற அந்தப் பெண்ணுக்குப் பாதி நாள் அந்த டெப்பின் பூட்டைத் திறக்கும் இலக்கமே தெரியாது. பிள்ளைதான் போட்டு வைத்திருக்கிறது. அவரை ஏசி என்ன பயன்? பிள்ளையை ஏசியும் பயனில்லை. அந்தக் கருவியில் இருக்கும் செயலிகளில் பெரும்பாலானவை, நாம் எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு காசு என்ற கணக்கில் நடப்பவை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கவனத்தைப் பிடித்து வைப்பதற்கென்றே கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். ஒரு பக்கம் அவர்கள் எல்லோரும், மறுபக்கம் உங்கள் பிள்ளை தனியாக. அந்தப் போட்டியில் பிள்ளை தோற்றது என்று நாம் கோபிக்கிறோம்.

புத்தளம் டவுனில் ஒரு கடையில் 'கல்வி டெப்' என்று பெட்டியில் ஒட்டி விற்கிறார்கள். வாங்கிய ஒரு வீட்டில் திறந்து பார்த்தேன். சாதாரண மலிவு டெப்தான். நான்கைந்து செயலிகளை முன்கூட்டியே போட்டிருந்தார்கள், ஒன்றுகூடத் தமிழில் இல்லை.

வாசிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவி வேறு இருக்கிறது. மின்வாசிப்பான் என்போம், நீங்கள் கிண்டில் என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள், கோபோ, பொக்கெட்புக் என்றும் உண்டு. டெப்போடு பார்த்தால் அது ஏழைக் கருவி. பெரும்பாலானவற்றில் நிறம் இல்லை, வீடியோ ஓடாது, பக்கம் புரட்டும்போது கண்ணிமைக்கிற நேரம் தாமதிக்கும். உங்களில் பலர் கடையில் அதைக் கையில் எடுத்துவிட்டு, இதே காசுக்குக் கலர் டெப் வருகிறதே என்று திரும்ப வைத்திருப்பீர்கள். அந்த எண்ணத்தைத்தான் மாற்றப் பார்க்கிறேன். அதில் இல்லாதவைதான் உங்கள் பிள்ளைக்கு அது தரும் பெரிய லாபம்.

அதன் திரை வேலை செய்யும் விதம் தெரிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்திலிருந்து பிறந்து 1997 இல் நிறுவனமான ஈ இங்க் செய்த வேலை அது. மயிரிழைக் கனத்தில் எண்ணற்ற நுண்குமிழிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும், எதிரெதிர் மின்னேற்றத்தோடு. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே கறுப்பு வந்த இடம் எழுத்தாகிறது. எழுத்து ஒருமுறை அமைந்துவிட்டால் அதை அப்படியே வைத்திருக்க மின்சாரம் தேவையில்லை. பக்கம் மாறும்போது மட்டும்தான் தேவை. டெப்பின் திரை பின்னாலிருந்து வெளிச்சத்தைக் கண்ணுக்குள் அடிக்கிறது. இந்தத் திரை, தாளைப்போல, வெளியிலிருந்து படும் வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது. 2004 இல் சோனி ஜப்பானில் லிப்ரியே என்ற பெயரில் இத்திரையோடு ஒரு கருவியை விட்டது. 2007 நவம்பரில் அமேசான் கிண்டிலைக் கொண்டுவந்தது. இருட்டில் வாசிக்க இப்போதைய கருவிகளில் முன்பக்க விளக்கும் உண்டு. அது திரையின் மேல் படருகிற வெளிச்சம்.

இது எத்தாளைக்கு ஏன் பொருந்தும்? எங்கள் வெயிலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் சனம் வாசிக்க நேரம் கிடைக்கும் இடங்களை யோசியுங்கள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் போட்டுவிட்டு மோட்டர் ஓடி முடியும்வரை தென்னைமர நிழலில் இருக்கிற பொழுது. கரைக்கு வந்து மீன் பிரித்த பிறகு வாடியில் வலை பொத்துகிற பொழுது. பகல் பதினொரு மணிக்கு அந்த வாடி வாசலில் ஒரு டெப்பையும் ஒரு பழைய கிண்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெப்பில் உங்கள் முகமும் கூரைக் கிடுகும்தான் தெரியும். வெளிச்சத்தைக் கூட்டினால் சூடேறி, பட்டரி கண்முன்னே இறங்கும். கிண்டிலில் எழுத்து வெயில் கூடக் கூடத் தெளிகிறது. லீவில் வந்த ஒரு தம்பி விட்டுப்போன பழைய கிண்டில் ஒன்று ஊரில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் வலை பொத்துகிற ஒருவர் பொன்னியின் செல்வனை வாசித்துக்கொண்டிருக்கிறார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார், ஒரு பக்கத்துக்குப் பத்து வரிக்குமேல் இல்லை. உப்புக் கை என்று விரல் முட்டியால் திரையைத் தொட்டுப் பக்கம் மாற்றுகிறார். மூன்றாம் பாகத்துக்கு வந்துவிட்டார். பாடசாலையை விட்ட பிறகு அவர் கையில் புத்தகம் பிடித்து நான் பார்த்ததில்லை.

கரண்ட் விஷயமும் இருக்கிறது. 900 மெகாவோற் மின்சாரம் செய்கிற லக்விஜய நிலையம் எங்கள் பக்கத்து நுரைச்சோலையில்தான் நிற்கிறது. அதன் சாம்பலும் புகையும் எங்களுக்கு. ஆனால் 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது எங்களை யாரும் விலக்கி வைக்கவில்லை. அந்த நாட்களில் வீட்டிலிருந்த டெப்கள் மத்தியானத்தோடு செத்துக் கிடந்தன. மின்வாசிப்பானை ஒருமுறை சார்ஜ் போட்டால், தினம் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வாசித்தாலும் வாரக் கணக்கில் ஓடும். மழைக்காலத்தில் காற்றுக்குக் கம்பி அறுந்து இரண்டு நாள் இருளில் கிடக்கிற ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

வயதானவர்களை மறந்துவிடாதீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு விரட்டப்பட்டு எங்கள் கற்பிட்டித் தீபகற்பத்தின் கரையில் வந்து இறங்கிய முஸ்லிம் சனத்தில் ஆசிரியர்கள் இருந்தார்கள், எழுத்தர்கள் இருந்தார்கள், வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். நகையைக் கூடக் கொண்டுபோக விடாத இடத்தில் புத்தகத்தை யார் நினைத்தார்கள்? அவர்களில் இன்று மிஞ்சியிருப்பவர்களுக்குக் கண் மங்கிவிட்டது. அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்தை அவர்களால் பிடிக்க முடியாது. டெப்பிலும் எழுத்தைப் பெரிதாக்கலாம்தான். ஆனால் பத்து அங்குல டெப் பெரும்பாலும் அரைக் கிலோவை அண்மித்த பாரம்; 2022 இல் வந்த அடிப்படைக் கிண்டில் 158 கிராம். கை நடுங்குகிறவருக்கு அந்த வித்தியாசம்தான் வாசிப்பதா, மூடி வைப்பதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இரவு வாசிப்பைப் பற்றியும் ஒன்று. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் படுக்கைக்கு முன் ஐபேடில் வாசித்தவர்களையும் அச்சுப் புத்தகத்தில் வாசித்தவர்களையும் ஒப்பிட்டு 2014 முடிவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஐபேடில் வாசித்த இரவுகளில் தூக்கம் பிடிக்கச் சுமார் பத்து நிமிடம் கூட எடுத்தது, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலற்றோனின் சுரப்பும் தள்ளிப்போனது. பன்னிரண்டு பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். ஆனால் சுபஹுக்கு எழும்பி, பாடசாலைக்குப் போய், பின்னேரம் குர்ஆன் மத்ரஸாவுக்கும் போகிற பிள்ளைக்குத் தூக்கத்தில் விட்டுக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

இனி, உங்கள் பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். அவற்றில் சில சரியானவை.

டெப்பால் ஆகிற வேலைகள் இருக்கின்றன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் பிடிஎப் ஆக இணையத்தில் கிடைக்கின்றன. நிறத்தில் வரைபடமும் படமும் நிறைந்த பெரிய பக்கங்கள். விஞ்ஞானப் புத்தகத்தின் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஆறு அங்குலத் திரையில் பார்ப்பது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். சின்னப் பிள்ளைகளுக்கு, இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. அவற்றின் அழகே நிறத்தில்தான் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டும் வசதியும் டெப்பில்தான் நன்றாக இருக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தமான இடம் வேறு. எங்கள் நாட்டுத் தமிழ் எழுத்து பெரும்பாலும் மின்வாசிப்பானில் வசதியாக இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் செய்துகொண்ட பெரிய காரியம் அது. டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய மல்லிகை அதில் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் பக்கம் என்பது படம். எழுத்தாக அது கருவிக்குத் தெரியாது. எழுத்தை மட்டும் பெரிதாக்கி வரிகளை மடித்துத் தர முடியாது. ஆறு அங்குலத்தில் ஒரு மல்லிகைப் பக்கத்தை வாசிக்க இங்கும் அங்கும் இழுத்து இழுத்துக் கை சலித்துப்போகும். இதற்குப் பத்து அங்குல டெப் வேண்டும். இதை மறைத்துவிட்டு உங்களிடம் மின்வாசிப்பான் கேட்டால் நான் நேர்மையில்லாதவன்.

அதனால்தான் ஊருக்கு ஒரு டெப் வேண்டும் என்றும் கேட்கிறேன். வீட்டுக்கு வீடு வேண்டாம். பொது இடத்தில், ஒரு மேசையில், பெரிய திரையோடு ஒன்றே ஒன்று போதும். பாடநூலும் படக்கதையும் மல்லிகையும் அங்கே வந்து பார்க்கட்டும்.

இன்னொரு நியாயம்: "எல்லார் கையிலும் போன் இருக்கே, அதிலயே வாசிக்கலாமே." வேர்ல்ட்ரீடர் என்ற அமைப்பின் கதை இதற்கு உதவும். 2010 இல் அவர்கள் கானா நாட்டுப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கிண்டில்களைக் கொடுத்துத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வாசித்தார்கள், ஆனால் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 40 வீதமான கருவிகள் உடைந்துபோயின. பிறகு போன் வழியாகவும் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்கள், பல நாடுகளுக்குப் பரந்தார்கள். போனில் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள், எங்கள் ஊரிலும் நாலு பேர் இருப்பார்கள். ஏற்கெனவே வாசிப்பு ருசி பிடித்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வாசிப்பார்கள். என் கவலை ருசி இன்னும் பிடிக்காத பிள்ளையைப் பற்றியது. கானாவின் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது உடைவு என்ற பாடத்தை: தடித்த உறை இல்லாமல் ஒரு கருவியும் ஊருக்கு வரக்கூடாது. ஈ இங்க் திரையின் கண்ணாடி பாரத்துக்கும் அடிக்கும் பொறுக்காது. புத்தகப் பையின் அடியில் லன்ச் பொக்ஸுக்குக் கீழே போட்டால் முடிந்தது கதை.

"தாள் புத்தகமே வாங்கித் தரலாமே" என்று கேட்பவர்களுக்கு முழு மனதோடு ஆம் என்பேன். 2018 இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி, தகவல் நிறைந்த எழுத்தைத் திரையைவிடத் தாளில் வாசிப்பவர்கள் நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள் என்று சொன்னது. தாள் புத்தகத்தைத் தோற்கடிக்க நான் வரவில்லை. ஆனால் எங்கே வாங்குவது? ஒரு தமிழ் நாவல் வேண்டுமென்றால் புத்தளம் டவுனுக்குப் போனாலும் பயிற்சிப் புத்தகமும் கடந்தகால வினாத்தாளும்தான் கடைகளில் நிறைந்து கிடக்கும். 2022 நெருக்கடியில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதன் பிறகு ஏறிய புத்தக விலை இறங்கவில்லை. வாங்கி வைத்தாலும் உப்புக் காற்றும் கறையானும் சும்மா விடுவதில்லை. நூற்றுக்கணக்கான புத்தகத்தை ஒரே இடத்தில் வைக்க இன்று எங்களுக்கு இருக்கிற வழி மின்வாசிப்பான்தான்.

தமிழ்ப் புத்தகம் அதில் கிடைக்குமா என்பது நல்ல கேள்வி. 1998 பொங்கலில் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் திருக்குறளிலிருந்து கல்கி வரை தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. 2013 இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் எழுத்தாளர்களின் அனுமதியோடு பொது உரிமத்தில் நூல்களை வெளியிடுகிறது. ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி அளவில் பிடிஎப் செய்து போட்டவர்கள் அவர்கள். அந்தக் காலத்துக் கருவிகள் தமிழ் எழுத்தை உடைத்துக் காட்டும், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதற்காக அவர்கள் பட்ட பாடு அது. 2016 டிசம்பரில்தான் அமேசான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களைக் கொண்டுவந்தது. 1948 இல் மறைந்த புதுமைப்பித்தனும் 1954 இல் மறைந்த கல்கியும் நம் நாட்டுச் சட்டப்படி இப்போது பொதுவுடைமை. இவர்களை ஏற்றிக் கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காசு கொடுத்து வாங்குகிற கிண்டில் நூல்களில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். 2009 இல் ஓர்வெல்லின் நாவல்களை விற்ற அமேசான், உரிமைச் சிக்கல் என்று வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அவற்றை அழித்தது. 2025 பெப்ரவரியிலிருந்து, வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வயர் வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டது. ஊர்ப் பொதுவில் வைக்கிற கருவி ஒரு தனி ஆளின் கணக்கிலும் வங்கி அட்டையிலும் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. ஈபப் என்ற மின்னூல் கோப்பை வயரால் நேரே ஏற்றக்கூடிய கருவி எங்களுக்கு லேசு. கோபோவும் பொக்கெட்புக்கும் அப்படியானவை. கிண்டில்தான் கிடைக்கிறது என்றால் அதுவும் நல்லதே. கலிபர் என்ற இலவச மென்பொருளால் கோப்பை அதற்கேற்ற வடிவுக்கு மாற்றி ஏற்றலாம், அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பூட்டுத் திரையில் விளம்பரம் வருகிற மலிவுப் பதிப்பை மட்டும் தவிருங்கள். விளம்பரத்திலிருந்து பிள்ளையை விலக்கத்தானே இவ்வளவு பாடுபடுகிறோம்.

இனி என் வேண்டுகோள்.

அடுத்த லீவுக்கு வரும்போது தனித்தனியாக டெப் வாங்காதீர்கள். ஒரே நகரத்தில் இருக்கிற எத்தாளைக்காரர் நான்கைந்து பேர் சேருங்கள். ஒரு டெப்புக்குக் கொடுக்க நினைத்த காசை ஆளுக்கு ஆள் போட்டால், உறையோடு சேர்த்துச் சில மின்வாசிப்பான்கள் வரும். 2022 இன் அடிப்படைக் கிண்டில் சந்தைக்கு வந்தபோது விளம்பரம் இல்லாத பதிப்பின் விலை 120 டொலர். அதைவிட விலை கூடியது தேவையில்லை. பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் கம்பனியில் யாராவது புதியது வாங்கிப் பழையதை மூலையில் போட்டிருப்பார், கேட்டுப் பாருங்கள். திரையில் கோடு விழாமல் இருந்தால் போதும்.

கடையிலோ கைமாற்றியோ வாங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு தமிழ் ஈபப் கோப்பை போனில் இறக்கி வைத்திருந்து, அந்தக் கருவியில் ஏற்றித் திறந்து காட்டச் சொல்லுங்கள். கொ, கோ, கௌ மூன்றும் ஒழுங்காக நிற்கின்றனவா, எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாக வருகிறதா என்று பாருங்கள். தமிழ் எழுத்துரு ஏற்றியும் சரிவராத கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

இவை வீடுகளுக்குப் போகாமல் ஊர்ப் பொதுவுக்கு வரட்டும். பாடசாலை நூலக அறையா, வேறு பொது இடமா என்பதை ஊர்ப் பெரியவர்களோடு இருந்து பேசி முடிவெடுப்போம். யாருடைய பெயரும் அதில் பெரிதாக எழுதப்படாது. புத்தகம் இரவல் கொடுப்பதுபோல ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்போம், இரண்டு வாரத்துக்கு ஒருவர். இணையத் தொடர்பை அணைத்து, புத்தகங்களை ஏற்றித்தான் கொடுப்போம். பிள்ளைக்கும் கொடுப்போம், வாடியில் இருப்பவருக்கும் கொடுப்போம், வீட்டை விட்டு அதிகம் வெளியே வராத தாய்மாருக்கும் கொடுப்போம். பெண்கள் வாங்கிப்போக வசதியாக, கொப்பியை எழுதுகிறவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். உடைந்தால் யாரையும் தண்டிக்க மாட்டோம். தண்டிப்போம் என்று பயந்தால் ஒருவரும் எடுத்துப்போக மாட்டார்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டெப்பை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பறிக்க வேண்டாம். பத்து அங்குலத்தில் நல்ல டெப் ஒன்று யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் அதைப் பொது மேசைக்குத் தாருங்கள். புதிதாக ஒன்று வாங்குகிற காசு மிஞ்சும்.

உங்களிடம் இரண்டு பதில்களை எதிர்பார்க்கிறேன். உங்கள் நகரத்தில் எத்தனை பேர் சேருவீர்கள், யார் பொறுப்பு நிற்பார் என்பது ஒன்று. நீங்கள் சின்ன வயதில் ஊரில் வாசித்த, உங்கள் பிள்ளை கட்டாயம் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு புத்தகத்தின் பெயர் மற்றது. இலவசமாகக் கிடைத்தால் ஏற்றி வைப்பேன். கிடைக்காவிட்டால் அதன் தாள் பிரதி ஒன்றைக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ தேடி வாங்கி அதே மேசையில் வைப்போம். வருகிற நோன்புப் பெருநாளுக்கு முதல் லீவு போடுகிறவர்கள் முதலில் எழுதுங்கள், முதல் கருவிகள் உங்கள் கையில்தான் வர வேண்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
எத்தாளையிலிருந்து உங்கள் சகோதரன்